தரகர் அனுப்பும் ஆளை நம்பலாமா?

கேள்வி: வாங்க நினைக்கும் பழைய வீட்டில் படுக்கையறைக் கூரையில் பழுப்புக் கறை. ஹால் சுவரின் அடியில் பெயிண்ட் உரிந்து உப்பு பூத்திருக்கிறது. "ஒரு கோட் வாட்டர்ப்ரூஃபிங் அடித்தால் போதும், என் ஆளையே அனுப்புகிறேன்" என்கிறார் தரகர். நம்பலாமா? வேறு ஆளை எப்படித் தேடுவது?

பதில்: அந்த ஆள் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் வீடு கைமாறினால்தான் தரகருக்குக் கமிஷன். அவர் தயவில் பிழைப்பவர் "இந்த வீடு வேண்டாம்" என்று உங்களிடம் சொல்வாரா? வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிகளின் இலவச ஆய்வும் ஏறக்குறைய இதே கதைதான். மருந்து விற்கிறவர் நோயே இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோளாறைக் கண்டுபிடிக்க ஒருவர், வேலைக்கு வேறொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் ரிப்பேர் கான்ட்ராக்ட் எடுக்காத சிவில் இன்ஜினியராக இருக்கட்டும். அவருடைய ஃபீஸை நீங்களே கொடுங்கள்.

வந்தவர் எப்படிப்பட்டவர் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். கறையைப் பார்த்ததுமே கெமிக்கல் பெயரைச் சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் மாடிக்குத்தான் போவார். தண்ணீர் தேங்கிய தடம் இருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் உண்டா என்று பார்ப்பார். கறைக்கு நேர் மேலே பாத்ரூமோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்று கேட்பார். வாரக்கணக்கில் மழையில்லாதபோதும் கறை ஈரமாகவே இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயை.

சுவரடி ஓதம் வேறு சமாச்சாரம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் 1 மீட்டர், மிஞ்சினால் 1.5 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கும் மேலே ஈரம் என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். சுவரில் ஈரமானியைக் குத்தி, அதில் வரும் எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினால் அசராதீர்கள். உப்பு பூத்த சுவரில் அது ஈரத்தைக் கூட்டித்தான் காட்டும்.

வேலைக்கு ஆள் தேடும்போது, போன மாதம் முடித்த வீட்டைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் "ஒழுகுகிறதா?" என்று மட்டும் கேட்காமல், "ஒழுகியபோது கூப்பிட்டதும் வந்தாரா?" என்றும் கேளுங்கள். பழைய பூச்சை எந்த உயரம் வரை கொத்தி எடுப்பார், தண்ணீர் வடிவதற்கான தளத்தின் வாட்டத்தை (சரிவை) சரிசெய்வாரா என்பதெல்லாம் எஸ்டிமேட்டில் எழுத்தில் வரவேண்டும். "மொத்தமா பார்த்துக்கலாம்" என்பது எஸ்டிமேட் ஆகாது.

இன்ஜினியர் பார்த்துச் சொல்லும்வரை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அவர் வருவதற்குள் அந்த ஒரு சுவருக்கு மட்டும் திடீரென்று புது பெயிண்ட் ஏறியிருந்தால் அவர் ஃபீஸும் மிச்சம். வேறு வீடு பாருங்கள்.