இத்தாலி டூர்: எந்த ஊரில் தங்கினால் கட்டுப்படியாகும்?

கேள்வி: வணக்கம் சார். அடுத்த மே மாத லீவில் குடும்பத்தோடு 11 இரவுகள் இத்தாலி போகிறோம்; இன்னும் 8 மாதம் இருக்கிறது. நான், கணவர், மாமியார் (66 வயது, முழங்கால் வலி), மகள் (13), மகன் (8). விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டோம், டிக்கெட் இன்னும் போடவில்லை. அங்கே செலவுக்கு எஃப்.டி.யில் 5 லட்சம் இருக்கிறது. ரோம் 4, ஃப்ளோரன்ஸ் 4, வெனிஸ் 3 இரவு என்று கணவர் போட்ட பிளான் 7 லட்சத்தைத் தொடுகிறது. மீதி 2 லட்சத்துக்கு வங்கியில் 14% வட்டிக்குப் பெர்சனல் லோன் தருகிறார்கள். ஒரே ஊரில் தங்கி, தினமும் ரயிலில் போய் வரலாம் என்பது என் யோசனை. வெனிஸ் பக்கத்து மெஸ்த்ரேதான் மலிவு என்கிறாள் தோழி. மகனோ ஃபெராரி மியூசியம் பார்க்காமல் வரமாட்டேன் என்கிறான். வாடகை ஸ்கிரீன்ஷாட்களை அனுப்பியிருக்கிறேன். எந்த ஊரில் தங்கலாம்? லோன் வாங்கலாமா?
— வாசகி, சென்னை

பதில்: லோன் வேண்டாம். 2 லட்சத்தை 14% வட்டியில் 24 மாதத்துக்கு வாங்கினால் மாதம் 9,600 ரூபாய் இஎம்ஐ வரும். வட்டி மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல். அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பது நீங்கள் தங்கும் ஊரைப் பொறுத்தது. அதனால் ஊரை முதலில் முடிவு செய்வோம்.

உங்கள் யோசனை பாதி சரி. 11 இரவையும் ரோமிலேயே கழித்தால் வெனிஸ் உதைக்கும். அதிவேக ரயிலிலேயே போக 4 மணி நேரம், வர 4 மணி நேரம். மாமியாரை ஒரே நாளில் 8 மணி நேரம் ரயிலில் உட்கார வைப்பதற்கு வெனிஸே வேண்டாம் என்று விட்டுவிடலாம். கணவர் சொல்வது போல மூன்று ஊர் மாறினால், ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் 3 மணிக்குச் சாவி வாங்கும் வரை ஐந்து பேரும் பெட்டிகளோடு அலைய வேண்டும். அப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போகும். 7 லட்சத்தை 11 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாள் 63,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அரை நாளின் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என் கணக்கு: ரோமில் 4 இரவு, பொலோன்யாவில் 7 இரவு. பொலோன்யாவா என்று கணவர் புருவத்தை உயர்த்துவார். டூர் பிரசுரங்களில் அந்த ஊருக்குப் பெரிய இடம் கிடையாது. ஆனால் வட இத்தாலியின் முக்கிய ரயில் பாதைகள் பல அங்கேதான் கூடுகின்றன. 2009 கடைசியில் திறந்த அதிவேகப் பாதையில், மலைகளுக்கு அடியில் குடைந்த சுரங்கங்கள் வழியாக ஃப்ளோரன்ஸுக்கு 40 நிமிடத்துக்குள் போய்விடலாம். வெனிஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி, சாதாரண ரீஜனல் ரயிலில் இரண்டு மணி நேரம். மிலானுக்கு ஒரு மணியும் கொஞ்சமும். மகன் கேட்ட ஃபெராரி, அரை மணித் தொலைவில் மோடேனாவில் இருக்கிறது. அங்கே ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் என்ஸோ ஃபெராரி மியூசியம்; தொழிற்சாலை ஊரான மரனெல்லோவில் இருக்கும் பெரிய மியூசியத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

இனி உங்கள் ஸ்கிரீன்ஷாட்களுக்கு வருவோம். இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் ஓர் இரவுக்கு ரோமில் 230 யூரோ, ஃப்ளோரன்ஸில் 210, வெனிஸ் தீவுக்குள் 290, பொலோன்யாவில் 160, மெஸ்த்ரேயில் 140. கணவரின் பிளானில் வாடகை 2,630 யூரோ. என் கணக்கில் 2,040. வித்தியாசம் 590 யூரோ. ஆனால் பொலோன்யாவிலிருந்து தினமும் ரயில் ஏறுவதால் ரயில் செலவு கூடும். முன்பதிவு விலைகளை வைத்துப் போட்டுப் பார்த்ததில் 85 யூரோ அளவுக்கு அதிகம். ஆக நிகர மிச்சம் 505 யூரோ. ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்தால் 53,000 ரூபாய். ஊரை மாற்றியதால் மட்டும் கிடைப்பது இவ்வளவுதான். லட்சங்கள் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதே அளவுக்கு, சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் கூடவே, மிச்சம் பிடித்துத் தருவது சமையலறை. ஐந்து பேர் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு வேளைக்கு 90 யூரோ சுலபமாகப் போய்விடும். பில்லில் ‘கோபெர்தோ’ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருக்கும். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம் அது, ஏமாற்று இல்லை. இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் 30 யூரோவில் முடியும். பத்து நாளைக்கு 600 யூரோ, அதாவது 63,000 ரூபாய். மூன்று ஊரிலும் அபார்ட்மென்ட் எடுத்தாலும் சமைக்கலாமே என்பீர்கள். மூன்று ஊருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் அரிசியும் எண்ணெயும் வாங்கி அடுப்புப் பற்றவைப்பதை நான் கண்டதில்லை. ஏழு நாள் ஒரே வீடு என்றால் மாமியாரே சமையலறையைக் கைப்பற்றிவிடுவார். ஒரு எச்சரிக்கை: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போகலாம். நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஃப்ளோரன்ஸ் ஏன் வேண்டாம்? உங்கள் பட்டியலில் பீசா, சியேனா, லூக்கா என்று ஃப்ளோரன்ஸ் இருக்கும் தோஸ்கானா மாநிலத்து ஊர்களே நிறைந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ளோரன்ஸ் என்றுதான் சொல்லியிருப்பேன். பீசா அங்கிருந்து ரீஜனல் ரயிலில் ஒரு மணி நேரம்தான். உங்களுக்கு வெனிஸும் ஃபெராரியும் வேண்டும், அதனால் பொலோன்யா. இரவுக்கு 50 யூரோ வீதம் 7 இரவுக்கு 350 யூரோ குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். மாமியாருக்கு இன்னொரு வசதி, பழைய நகரத்துக்குள் ஏறத்தாழ 38 கிலோமீட்டருக்குத் தூண்கள் தாங்கிய நடைபாதை மண்டபங்கள். வெயிலானாலும் மழையானாலும் நிழலிலேயே நடக்கலாம். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை அவை. ஒரு குறை, பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் அறை வாடகை எகிறும். கண்காட்சித் தேதிகளைப் பார்த்துவிட்டு புக் செய்யுங்கள். வாடகை குறைவான பழைய கட்டடங்களில் பல லிஃப்ட் இல்லாதவை, அதையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தோழி சொன்ன மெஸ்த்ரே வெனிஸை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சரி. ரயிலில் பத்து நிமிடம். நகராட்சி எல்லைக்குள் தங்குவதால் வெனிஸின் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் விலக்கு உண்டு, அதற்கு ஆன்லைனில் பதிவு மட்டும் செய்ய வேண்டும். ஆனால் பொலோன்யாவைவிட 7 இரவுக்கு 140 யூரோ குறைவு என்று போய், ஃப்ளோரன்ஸுக்கும் மோடேனாவுக்கும் ஐந்து பேருக்கு நீண்ட தூர டிக்கெட் எடுத்தால் அந்த 140 முதல் பயணத்திலேயே கரைந்துவிடும்.

வெனிஸ் ஒருநாள் பயணத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலருக்கும் அங்கேதான் பட்ஜெட் ஓட்டையாகிறது. பொலோன்யாவிலிருந்து ரீஜனல் ரயில் டிக்கெட் தலைக்கு 15 யூரோ அளவில், மகனுக்குப் பாதி. போய்வர 135 யூரோ. இந்த ரயிலுக்கு முன்பதிவு அவசரமில்லை, கடைசி நாளிலும் அதே விலைதான். காகித டிக்கெட் என்றால் நடைமேடை மெஷினில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள், இல்லையென்றால் அபராதம். 2024இலிருந்து, வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களில், பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுகளில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் உண்டு. கடைசி நேரத்தில் கட்டினால் 10. செவ்வாய், புதனில் போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பாலங்கள் எல்லாம் படிக்கட்டு என்பதால் மாமியாருக்கு வாப்பரெத்தோ என்கிற படகு பஸ் தேவைப்படும். ஒரு தடவைக்கு 9.50 யூரோ, 24 மணி நேரப் பாஸ் 25 யூரோ. ஐந்து பேருக்கும் பாஸ் எடுத்தால் 125 யூரோ, கிட்டத்தட்ட ரயில் செலவு. மாமியாருக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் மட்டும் பாஸ் எடுங்கள். மற்றவர்கள் நடக்கட்டும், வெனிஸில் வழி தவறுவதற்குக் காசு கிடையாது.

அங்கே குழந்தை என்றால் யார் என்பதற்கு இடத்துக்கு இடம் ஒரு வயது. மகனைப் பற்றிக் கவலையில்லை, எங்கும் குழந்தைதான். மகள் விஷயம்தான் வேடிக்கை. விசாவில் 12 முடிந்ததால் பெரியவள். விசாக் கட்டணம் 45 இல்லை, முழு 90 யூரோ. ரீஜனல் ரயிலிலும் பெரியவள். ரோமில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு வாங்கும் தங்கும் வரியிலும் பெரியவள், 10 வயதுக்குக் கீழேதான் அங்கே விலக்கு. 6 யூரோ வீதம் நான்கு பேருக்கு நான்கு இரவு 96 யூரோ. இது வாடகையில் சேராமல் கையில் தனியாகக் கேட்பார்கள். வெனிஸ் நுழைவுக் கட்டணத்தில் 14க்குக் கீழே என்பதால் குழந்தை. கொலோசியம், உஃபிஸி போன்ற அரசு மியூசியங்களில் 18 வரை நுழைவு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. வாட்டிகன் தனி நாடு, அங்கே இந்தச் சலுகை இல்லை. அதிவேக ரயிலில் 15க்குக் கீழே இலவசம் என்று ஒரு குடும்பச் சலுகை இருக்கிறது. ஆனால் அதில் பெரியவர்கள் முழு விலை கொடுக்க வேண்டும். மூன்று முழு டிக்கெட்டா, ஐந்து முன்பதிவுத் தள்ளுபடி டிக்கெட்டா என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். பல நாட்களில் இரண்டாவதுதான் குறைவாக இருக்கும்.

டிக்கெட் இன்னும் போடாதது நல்லதாயிற்று. போய்வர ரோம் என்று எடுத்தால் கடைசி நாள் பொலோன்யாவிலிருந்து ரோமுக்குத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயில், ஐந்து டிக்கெட், அரை நாள். சென்னை–ரோம், பொலோன்யா–சென்னை என்று மல்டி-சிட்டியாகத் தேடுங்கள். துபாயிலிருந்து எமிரேட்ஸ் இந்த இரண்டு ஊருக்குமே பறக்கிறது. விசா கைக்கு வரும் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே பிடித்து வையுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதத்துக்கு நெரிசல் இருக்கும், முந்திக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மாமியாரின் வயதுக்கு பிரீமியம் கூடுதலாகத்தான் வரும், அதில் கை வைக்காதீர்கள்.

விமானமும் அறையும் சேர்த்து ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும்; ஆனாலும் அதுவரை பணம் முடங்கும். விமானம் ஓரிடம், அறை ஓரிடம் என்று நீங்களே தனித்தனியாக புக் செய்தால் பேக்கேஜ் கணக்கில் வராது. அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று மெஷின் கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை பிடித்து அதற்கு ஜிஎஸ்டியும் போடுகிறார்கள். உங்கள் கார்டில் எவ்வளவு என்று இப்போதே பாருங்கள்.

இப்போது லோன். வாடகையிலும் ரயிலிலும் 53,000, சமையலில் 63,000. 7 லட்சம் 5.84 லட்சமாக இறங்குகிறது, பற்றாக்குறை 84,000. கையில் 8 மாதம் இருக்கிறது. இந்த மாதமே 10,500 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்குங்கள். இரண்டு வருடம் கட்டுவதாக இருந்த இஎம்ஐயைவிட 900 ரூபாய்தான் அதிகம், எட்டே மாதத்தில் முடிந்துவிடும். எஃப்.டி. எப்போது முதிர்கிறது என்பதையும் பாருங்கள். முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். ஏப்ரலுக்குள் முதிராவிட்டால், சமையலறையும் லிஃப்டும் உள்ள அறைகளை அங்கே போய்ப் பணம் கட்டும் வகையில் எடுங்கள். யூரோ ஏறினால் கொஞ்சம் அதிகமாகும், அவ்வளவுதான்.

வெனிஸில் ஓர் இரவாவது தங்கவேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடித்தால், பொலோன்யாவை 6 இரவாக்கி, கடைசிக்கு முந்தைய நாளில் அல்லாமல், ரோமிலிருந்து நேரே வெனிஸ் போய் அந்த இரவை முடித்துவிட்டு பொலோன்யாவுக்கு வாருங்கள். வாடகையில் கூடுவது 130 யூரோ. ஒரு இடமாற்றம் கூடுகிறது, அத்தனை பெட்டிகளையும் படிக்கட்டுப் பாலங்களில் தூக்க வேண்டும். தூக்கப்போவது அவர்தான் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.