ஏழு குரோமிஸ் மூன்றானது ஏன்?

200 லிட்டர் ரீஃப் தொட்டியில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) ஏழு பச்சை குரோமிஸ் என்ற சிறு கடல்மீன்களை விட்டு இரண்டு மாதத்தில் மூன்றுதான் மிச்சம், தண்ணீர் சோதனை அளவுகள் சரி, பவளங்களும் நன்றாக விரிகின்றன என்கிறீர்கள். அப்படியென்றால் தண்ணீரைக் குறை சொல்ல வேண்டாம். எனக்கும் இதே கதைதான். ஒன்பதில் தொடங்கி இரண்டில் நின்றது.

கடலில் இவை கிளைப் பவளத்துக்கு மேலே பெருங்கூட்டமாக மிதக்கும், ஆபத்து என்றால் கிளைகளுக்குள் பாயும். தொட்டியில் பயமுறுத்த வேட்டைமீனும் இல்லை, விலகி ஓட இடமும் இல்லை. இருப்பதில் பெரியது, இருப்பதில் சிறியதை விரட்டும். அது தீனிக்கு வராமல் மூலையில் ஒதுங்கும், வால் ஓரம் கிழியும், ஒருநாள் காணாமல் போகும். அப்புறம் அடுத்த சிறியதின் முறை.

விளக்கு அணையும் நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள், தூங்க இடம் பிடிக்கும்போது யார் ரவுடி என்று தெரிந்துவிடும். உடம்பில் சிவந்த புண் இருந்தால் மட்டும் கவனம்: அது யூரோனீமா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், குரோமிஸுக்கு அடிக்கடி வருவது. அந்த மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

புதிதாக நான்கு வாங்கிப் போடலாமா என்றால், வேண்டாம். இருக்கும் மூன்றுக்கும் தினம் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போடுங்கள். கடைக்காரர் நீல டேம்சல் மீனைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள், அது இதைவிட முரடு.