சி.பி.ஐ. என்ன, போலீசுக்கு மேல் போலீசா?

"எதற்கெடுத்தாலும் சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்கிறார்களே, அது மாநிலப் போலீசுக்கு மேலதிகாரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அது மத்திய அரசின் தனிப் புலனாய்வு அமைப்பு. ஆனால் 'சி.பி.ஐ. விசாரணை நடத்து!' என்று மதுரைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் படித்தே வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். மத்திய அரசு ஊழியரான என் மாமா ஒரு லஞ்ச வழக்கில் சாட்சியாகப் போய்வரும் வரை எனக்கும் அதே நினைப்புத்தான்.

வேறோர் அலுவலகத்தில் ஒருவர் லஞ்சம் கேட்டதாகப் புகார். அதற்குச் சுயேச்சையான சாட்சி வேண்டும் என்று சி.பி.ஐ.காரர்கள் மாமாவைக் கூப்பிட்டார்கள். கொலை, கடத்தல் என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனவருக்கு அங்கே காட்டியது பினாப்தலீன் பவுடர் தடவிய நோட்டுக் கட்டு. செய்தித்தாளில் 'ரசாயனம் தடவிய நோட்டு' என்று போடுவார்களே, அதுதான். பணம் வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கியதும் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டதாம். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அன்றிலிருந்து மாமா ரோஸ் மில்க் பக்கம் போவதில்லை, ஜிகர்தண்டாவோடு சரி.

சி.பி.ஐ. பிறந்ததே இந்த வேலைக்குத்தான். இரண்டாம் உலகப் போரில் ராணுவக் கொள்முதலில் லஞ்சம் தலைவிரித்தாடியதால், பிரிட்டிஷ் அரசு 1941-ல் ஒரு தனிப் போலீஸ் பிரிவைத் தொடங்கியது. போர் முடிந்த பிறகும் லஞ்சம் முடியவில்லை. 1946-ல் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் வந்தது. சி.பி.ஐ. என்ற பெயர் 1963 ஏப்ரல் 1-ல்தான். கொலை, வங்கி மோசடி எல்லாம் பிற்பாடு சேர்ந்தவை. இன்றுவரை அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, அதே 1946 சட்டத்தில்தான் வண்டி ஓடுகிறது. 2013-ல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. அமைப்பே செல்லாது என்று சொல்லிவிட்டது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

அந்த 1946 சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, மாநில அரசு சம்மதிக்காமல் சி.பி.ஐ. மாநிலத்துக்குள் விசாரிக்க முடியாது. வழக்குக்கு வழக்கு கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே கொடுத்துவைத்திருந்த பொதுச் சம்மதத்தைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் மட்டும் சம்மதம் தேவையில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதிசெய்தது. மதுரை உலகனேரியில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு 'சி.பி.ஐ.க்கு மாற்றுங்கள்' என்று மனுக்கள் போவது இதனால்தான்.

குற்றம் சாட்டப்பட்டவரே போலீஸ்காரர் என்றால் அந்தக் கோரிக்கை நியாயம் என்பேன். 2020 சாத்தான்குளம், 2025 மடப்புரம் காவல் மரணங்கள் சி.பி.ஐ.க்குப் போனது அப்படித்தான். மற்றபடி, எஜமான் சொல்வதையே திருப்பிச் சொல்லும் 'கூண்டுக் கிளி' என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்ட அமைப்பு அது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கிளி என்பவர்கள், வழக்கு என்று வந்தால் அதே கிளியைத்தான் கேட்கிறார்கள்.

வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மாமாவுக்குச் சாட்சி சொல்லச் சம்மன் வந்தது ஆறு வருடம் கழித்து. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பாட்டிலில் இருந்த ரோஸ் நிறமும் வெளுத்துப் போயிருந்ததாம்.