பிங்பாங் மேசை இல்லாத கோயில்

அன்புள்ள ஐயா,

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபைப் பங்கில் ஞாயிறு பூசைக்கு இப்போது வயதானவர்கள்தான் வருகிறார்கள். இளைஞர்களைத் திருவிழாவில் தேர் இழுக்கும்போது பார்க்கலாம், அவ்வளவுதான். புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை நல்லவர், உழைப்பாளி. கீபோர்டும் டிரம்சும் வாங்கினார், கிரிக்கெட் போட்டி நடத்தினார். போட்டிக்குப் பதினெட்டு அணிகள் வந்தன. அடுத்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் நாலே பேர். "நவீன உலகம் விசுவாசத்தைக் கொன்றுவிட்டது" என்று பிரசங்கத்தில் வருத்தப்பட்டார். இப்போது பீடத்துக்குப் பக்கத்தில் எல்இடி திரை வைக்கலாம் என்கிறார். பங்குப்பேரவையில் நானும் இருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் லொரென்சோ மிலானி என்ற இத்தாலியச் சாமியாரை "கூட்டம் சேர்க்க மறுத்தவர்" என்று எழுதியிருந்தீர்கள். யார் அவர்? எங்கள் சாமியார் சொல்வதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் கத்தோலிக்கன் இல்லை. உங்கள் பீடத்துக்குப் பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. மிலானியைப் பற்றிச் சொல்கிறேன், திரை விவகாரத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிலானி 1923ல் ஃபுளோரன்ஸ் நகரில் பெரிய பணக்கார வீட்டில் பிறந்தவர். அம்மா யூதக் குடும்பத்துப் பெண். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை, பக்திதான் இல்லை. ஓவியம் கற்றுக்கொண்டிருந்த பையன் இருபது வயதில் திடீரென்று குருமடத்தில் போய்ச் சேர்ந்தார். 1947ல் குருப்பட்டம். நெசவாலைத் தொழிலாளர்கள் நிறைந்த சான் டொனாட்டோ என்ற ஊருக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பினார்கள்.

அங்கே அவர் ஒரு கணக்கெடுப்பு செய்தார். ஞானஸ்நானம் எல்லோரும் வாங்குகிறார்கள், சிறு வயதில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மையும் எல்லோரும் வாங்குகிறார்கள், அப்புறம் ஆளைக் காணோம். உங்கள் பங்கின் கதையேதான். அக்கம்பக்கத்துச் சாமியார்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: கோயில் வளாகத்தில் கால்பந்து, பிங்பாங் மேசை, சினிமா. கம்யூனிஸ்டுகள் நடத்திய மன்றத்திலும் அதேதான் கிடைத்தது. இரண்டு பக்கமும் ஒரே சரக்கு. மிலானிக்கு இதைக் கண்டால் ஆகாது. தூண்டிலில் புழு மாட்டுவது மாதிரி விளையாட்டைக் காட்டிக் கோயிலுக்கு இழுப்பது, அந்தப் பையனையும் அவமானப்படுத்துகிறது, கோயிலையும் அவமானப்படுத்துகிறது என்று நினைத்தார்.

சரி, பின்னே எதற்காகத்தான் மக்கள் வரவில்லை? உங்கள் சாமியார் சொல்லும் 'நவீன உலகம்' என்ற பதிலில் மிலானி நிற்கவில்லை. அவர் கண்டது வேறு. தன் பிரசங்கம் அவர்களுக்குப் புரியவே இல்லை. கடவுள்மேல் வெறுப்பால் காதைப் பொத்திக்கொண்டவர்கள் இல்லை அவர்கள். சொற்களே இல்லாதவர்கள். காது கேளாதவர்களிடம் பணிபுரியப் போகும் குரு முதலில் மொழி கற்றுக்கொடுக்கிறார், பிறகுதான் ஞானோபதேசம். உழைக்கும் மக்களிடமும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்றார். தொழிலாளிக்கு நூறு வார்த்தை தெரிகிறது, முதலாளிக்கு ஆயிரம் தெரிகிறது, அவன் முதலாளியாக இருப்பதே அதனால்தான் என்பது அவருடைய கணக்கு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் வங்கிதான் நினைவுக்கு வந்தது. என்னோடு எட்டாவது வரை படித்த ஒருவர், கொத்தனார், நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவர், பணம் கட்டும் சீட்டை நீட்டி "கண்ணாடி எடுத்துட்டு வரல, கொஞ்சம் நிரப்பிக் குடு" என்பார். கண்ணாடி சட்டைப்பையில் தெரியும். வருஷக்கணக்காக நான் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மிலானி தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார். கம்யூனிஸ்டு வீட்டுப் பையன் தயங்காமல் உள்ளே வர வேண்டும் என்று வகுப்பறைச் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தைக் கழற்றி வைத்தார். பக்திமான்கள் கொதித்துப்போனார்கள். அரசியல்வாதிகளும் கொதித்தார்கள், ஏனென்றால் மனிதர் அப்போது ஆட்சியில் இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் விட்டுவைக்கவில்லை. 1954 டிசம்பரில் மேலிடம் அவரை பார்பியானாவுக்கு மாற்றியது. மலைமேல் சிதறிக் கிடக்கும் சில வீடுகள். ரோடு இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. மூடிவிடலாம் என்று இருந்த பங்கை இவருக்காகவே திறந்து வைத்தார்கள். நம் ஊரில் 'தண்ணியில்லாக் காடு' என்போமே, அதுதான். வந்து சேர்ந்த மறுநாள் மிலானி கீழே இருக்கும் விக்கியோ ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்துபோய், பார்பியானா கல்லறைத் தோட்டத்தில் தனக்கு ஒரு குழிக்கு இடம் வாங்கினார். அப்போது அவருக்கு 31 வயது.

ஆறு பையன்களோடு பள்ளி தொடங்கியது. வருஷத்துக்கு 365 நாள், தினமும் சுமார் பன்னிரண்டு மணி நேரம். விளையாட்டு வேளை கிடையாது. எனக்கு இது பிடிக்கவில்லை, என் பிள்ளையை அங்கே அனுப்பியிருக்க மாட்டேன். மிலானி கோபக்காரரும்கூட. ஆனால் 36 மாடுகள் உள்ள தொழுவத்திலிருந்து வந்த ஒரு பையன் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறான்: சாணி அள்ளுவதைவிடப் பள்ளிக்கூடம் எப்போதும் மேல்தான். என் பிள்ளைக்கு அள்ளுவதற்குச் சாணி இல்லை, அதனால் நான் இப்படிப் பேசுகிறேன்.

பாடம் என்ன? தினமும் செய்தித்தாளை உரக்கப் படிப்பார்கள், ஒரு சொல் புரியாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தொழிற்சங்கம், தேர்தல், அரசியல் சாசனம், அந்நிய மொழிகள். வளர்ந்த பையன்களை வேலை பார்த்துக்கொண்டே மொழி பழகட்டும் என்று வெளிநாட்டுக்கு அனுப்பினார். சுவரில் பெரிதாக 'ஐ கேர்' என்று எழுதியிருந்தது. முசோலினி ஆட்களின் முழக்கம் 'எனக்கென்ன போச்சு' என்பது. அதற்கு நேர் எதிர் இது, 'எனக்கு அக்கறை இருக்கு'. இப்படிப்பட்ட ஆளிடம் போய் நவீன உலகம் விசுவாசத்தைக் கொன்றுவிட்டது என்று சொன்னால், அந்த உலகத்தின் செய்தித்தாளை நீங்கள் வாசித்தீர்களா, உங்கள் பங்கு மக்களால் வாசிக்க முடிகிறதா என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் அப்படி வாசித்த செய்தியில் வம்பு வந்தது. 1965 பிப்ரவரியில் ராணுவத்தில் ஆன்ம குருக்களாக இருந்து ஓய்வுபெற்ற சிலர், மனச்சாட்சியின் பேரில் ராணுவ சேவையை மறுப்பது கோழைத்தனம் என்று அறிக்கை விட்டார்கள். மிலானி பதில் எழுதினார், ஒரு கம்யூனிஸ்டு வார இதழ் அதை வெளியிட்டது, வழக்கு வந்தது. நோய் முற்றி நீதிமன்றம் போக முடியாமல், கீழ்ப்படிதல் இனி ஒரு புண்ணியம் இல்லை என்று நீதிபதிகளுக்கும் கடிதம்தான் எழுதினார். 1966ல் விடுதலை. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1967 ஜூன் 26 அன்று, 44 வயதில், நிணநீர்ப் புற்றுநோயில் இறந்தார். வழக்கைச் சாவு முடித்துவைத்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரிதான், சாமியார் உடையில் ஒரு புரட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இடதுசாரி நண்பர்கள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் 1950ல் ஒரு கம்யூனிஸ்டு இளைஞனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து பணக்காரனின் தோட்டத்து வேலியை உடைத்து ஏழைகளைக் குடிவைக்கும் நாள் வரட்டும், அன்றைக்கு உன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவேன், ஏனென்றால் அப்போது நீ ஏழை இல்லை, நான் ஏழைகளோடு இருக்க வேண்டியவன் என்கிறார். அவருடைய புத்தகத்தை 1958ல் திருச்சபை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. பணிந்தார். ஏன் வெளியேறவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது: எனக்கு வாரத்தில் பலமுறை பாவமன்னிப்பு வேண்டியிருக்கிறது, திருச்சபையை விட்டுவிட்டால் அதை யாரிடம் போய்க் கேட்பேன்? ராணுவத்துக்குக் கீழ்ப்படியாதே என்றவர், தன்னை மலைக்குத் துரத்திய ஆயருக்குக் கீழ்ப்படிந்தார். இந்த முரணை என்னால் முழுதாக விழுங்க முடியவில்லை. அவருடைய மாணவர்களுக்கு அது முரணாகவே தெரியவில்லை போலும்.

பூசை உடையோடும் மலையேறும் பூட்சோடும் அவரைப் புதைத்தார்கள், அவரே வாங்கி வைத்திருந்த இடத்தில். 2017 ஜூனில் போப் பிரான்சிஸ் அந்தக் கல்லறைக்குப் போய் நின்றார்.

பேரவைக் கூட்டத்துக்கு வருவோம். கிரிக்கெட்டுக்கு வந்த பதினெட்டு அணிகளில் உங்கள் பங்குப் பையன்கள் எத்தனை பேர், அதில் பத்தாவதில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். பங்குக் குடும்பங்களின் பதிவேடு அவரிடம்தானே இருக்கும். மறைக்கல்விக்கு வரும் அந்த நாலு பேரை அனுப்பிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

பார்பியானாப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய கடிதம் தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. நோயாளியைத் துரத்திவிட்டு ஆரோக்கியமானவனுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது பள்ளிக்கூடம் என்று அதில்தான் வருகிறது. மெலிந்த புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்றைச் சாமியாருக்குக் கொடுங்கள். கோபித்துக்கொண்டாரா, படித்தாரா என்று எனக்கு எழுதுங்கள்.