16 வயதில் தாடை ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. இரண்டு வருடமாகக் கீழ்த்தாடை முன்னால் நீண்டுகொண்டே வருகிறது. வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்கின்றன. கொய்யாப்பழத்தை முன்பல்லால் கடிக்க முடியவில்லை. பள்ளியில் கேலி வேறு. கிளிப் போட்டால் போதுமா? ஆபரேஷன்தான் என்றால் கல்லூரியில் சேர்வதற்குள் முடித்துவிடலாமா டாக்டர்?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. தாடை இன்னும் நீள்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண் பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி நிற்க 18 வயதாவது ஆகும். சிலருக்கு 20, 21 வரை போகும். இப்போதே வெட்டிப் பின்னால் தள்ளி வைத்தால், மிச்சமிருக்கும் வளர்ச்சி மறுபடி முன்னால் கொண்டுவந்துவிடும்.

கிளிப் பற்களைத்தான் நகர்த்தும், தாடை எலும்பை அல்ல. குறை லேசாக இருந்தால் மேற்பற்களை வெளியேயும் கீழ்ப்பற்களை உள்ளேயும் சாய்த்துச் சமாளிக்கலாம். ஆபரேஷனுக்குத் தயார் செய்யும்போதோ இதற்கு நேரெதிராக, சாய்ந்த பற்களை நிமிர்த்த வேண்டும். எந்த வழி என்று முடிவாகாமல் கிளிப் போட்டால், பிறகு செய்த வேலையையே திருப்பிச் செய்ய வேண்டிவரும். நிமிர்த்துவதற்கு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும். அந்தச் சமயத்தில் கீழ்ப்பல் வரிசை முன்பைவிடத் துருத்தித் தெரியும். 'கிளிப் போட்டு மோசமாகிவிட்டதே' என்று பெற்றோர் பதறுவது இங்கேதான். மோசமாகவில்லை, தாடை பின்னால் போக இடம் பண்ணுகிறோம்.

ஆபரேஷனை வாய்க்குள்ளேயே செய்வதால் வெளியே தழும்பு பெரும்பாலும் தெரியாது. வெட்டி நகர்த்திய எலும்பை டைட்டானியம் தகடும் திருகும் பிடித்துக்கொள்ளும். மேல்தாடை பின்தங்கியிருந்தால் அதையும் சேர்த்து நகர்த்துவோம். முதல் சில நாள் முகம் நன்றாக வீங்கும். சுமார் 6 வாரத்துக்குக் கடித்து மெல்லக் கூடாது. கஞ்சி, கரைத்த ரசம் சாதம் என்று ஓட்ட வேண்டும். கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும். உணர்ச்சி திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். இதைப் பையனிடம் மறைக்காதீர்கள், முகம் அவனுடையது.

சரி, இப்போது என்ன செய்வது? பல் சீரமைப்பு மருத்துவரையும் முகத்தாடை அறுவை மருத்துவரையும் ஒன்றாகப் பாருங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டு பிரிவுகளும் உண்டு. பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் அதையே மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டால் தாடை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். அசைவு நின்ற பிறகு தேதி குறிக்கலாம்.