92 வயது ஆயாவிடம் அவருடைய வாழ்க்கையில் மறக்க முடியாத நிகழ்வைக் கேட்டால் "மறந்துபோச்சு" என்கிறார். எப்படிக் கேட்டுப் பதிவு செய்வது?

தேவகோட்டைச் செட்டியார் வீட்டில் இருக்கும் உங்கள் ஆயா (பாட்டி) முன்னால் போனை நீட்டி, "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத சம்பவம் எது?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது டிவி பேட்டியில் கேட்கிற கேள்வி. அதற்கு யாராக இருந்தாலும் மறந்துபோச்சு என்றுதான் சொல்வார்கள். சாப்பிட்டதையே மறந்து மறுபடி கேட்கிறார், பழகிய பெயர்கள் தடுமாறுகின்றன என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை.

நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் ஏறக்குறைய 10 வயது முதல் 30 வரை நடந்ததுதான் அதிகம் வரும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். உங்கள் ஆயாவுக்கு அது சுமார் 1943 முதல் 1963 வரை. திருப்பூட்டினது (கல்யாணம்), தலைப்பிள்ளை பிறந்தது, வீடு பாகம் பிரிந்தது எல்லாம் அதற்குள் வந்துவிடும். அங்கிருந்து தொடங்குங்கள். நீங்கள் கேட்க நினைக்கும் பர்மா கதைக்கு அப்புறம் போகலாம்.

அவருடைய அப்பச்சிக்கு (அப்பா) பர்மாவில் கடை, அதாவது வட்டிக்கடை, இருந்தது என்பது மட்டும் தெரியும் என்கிறீர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன, 25ஆம் தேதி மறுபடியும். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். இதையெல்லாம் ஆயாவிடம் கேட்டுப் பயனில்லை, அப்போது அவருக்கு எட்டு, ஒன்பது வயது. ஆனால் அந்த வருடம் குண்டு விழுந்ததும், செட்டியார் வீடுகளில் மார்கழியில் கும்பிடும் பிள்ளையார் நோன்பும் ஒரே வாக்கில் வந்தன. அதனால், "அந்த வருசம் நோன்புக்கு யாரு இழை எடுத்துக் கொடுத்தாக?" என்று கேளுங்கள். 21 நூல் திரித்த இழையை மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு, கொடுத்த கை யாருடையது என்பது மறக்காது. அப்பச்சியா, ஐயாவா (தாத்தா), ஆம்பளையே இல்லாமல் அப்பத்தா கொடுத்தாரா? அந்த ஒரு பதிலிலிருந்து வீட்டில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று பிடித்துவிடலாம்.

"பொம்பளைங்க வளவுக்குள்ளயே (வீட்டு உள்முற்றம்) இருந்தவங்க, அவங்களுக்குப் பர்மாவைப் பத்தி என்ன தெரியும்" என்று கீழே கமெண்டில் யாராவது எழுதுவார்கள். கடைக்குப் போனவர் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார். ஆள் இல்லாதது அந்த வீடுகளில் பழக்கமான ஒன்று. பழக்கமில்லாதது பர்மாவிலிருந்து வரும் கடுதாசி நின்றது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள்தான்.

அடுத்து அதன் பாதிப்பு. "அது உங்களை எப்படிப் பாதிச்சது?" என்று கேட்டால் "விதி" என்று முடித்துவிடுவார். 1930களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனதால் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக ஏறியது. கையில் காசாக இருந்தது அங்கே மண்ணாக மாறிவிட்டது. 1948இல் நில தேசியமயச் சட்டம், 1962இல் ராணுவ ஆட்சி. போனது திரும்பவில்லை. வீட்டுக்குள் இதெல்லாம் வேறு உருவத்தில் வந்திருக்கும்: பாதியில் நின்ற மாடிக்கட்டு, கல்யாணத்தில் அக்காளுக்கு வைத்த சாமானுக்கும் தங்கைக்கு வைத்த சாமானுக்கும் உள்ள வித்தியாசம், கடைக்குப் போக வேண்டிய பையன் காலேஜுக்குப் போனது. இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

வெறுங்கையோடு உட்காராதீர்கள். சாமான் அறையைத் திறந்து ஒரு பித்தளைக் குடத்தையோ மங்குத் தட்டையோ எடுத்து அவர் மடியில் வையுங்கள். குடத்தின் கழுத்தில் விலாசம் வெட்டியிருக்கும், மூன்று நான்கு தலைப்பெழுத்து. அதை விரலால் தடவிப் பார்த்தே இது ஆத்தா வீட்டுச் சாமானா, மாமியார் வீட்டுச் சாமானா என்று சொல்லிவிடுவார்கள். இசைபிடிமானம் (கல்யாண ஒப்பந்த ஏடு), மொய் ஏடு, சாமான் சிட்டை (சீர்ப் பட்டியல்) கிடைத்தால் இன்னும் நல்லது. தேதி தமிழ் வருடத்தில் இருக்கும். விஷு என்றால் 1941-42, சித்திரபானு 1942-43, குரோதி 1964-65. அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும் என்பதால், எந்தச் சுற்று என்பதை ஆள் பெயரை வைத்து முடிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது பட்டாலையில் (பெரிய கூடம்) உட்காரவே கூடாது. உயரக் கூரை, ஆத்தங்குடிக் கல்; குரல் எதிரொலித்துக் குழம்பிவிடும். இரட்டை அறைக்குள் ஜமுக்காளம் விரித்து உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாய்க்கு ஒரு அடி தூரத்தில் வையுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் பேச்சைத் தின்றுவிடும். நல்லாக் கேட்கிற காதுப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். முதலில் தேதி, ஊர், இருவர் பெயரையும் சொல்லி, ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். சுருக்காத வேவ் கோப்பாக, மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பிக்குக் கொஞ்சம் கூட ஆகும். காலைப் பலகாரத்துக்குப் பிறகு நாற்பது நிமிடம் போதும். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். அழுதால் நிறுத்திவிடுங்கள். சாவைப் பற்றிப் பேசிய இடத்தில் முடிக்காமல், சமையல், பேரன் பேச்சு என்று இன்றைக்குக் கொண்டுவந்து முடியுங்கள். பெரியப்பாவையோ அம்மானையோ கூட உட்கார வைக்காதீர்கள். "அப்படியில்ல ஆச்சி" என்று ஒரு தடவை திருத்தினால் போதும், பிறகு வாயே திறக்க மாட்டார்.

சொன்னதெல்லாம் உண்மையா என்றால், இல்லை. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் அமெரிக்காவில் மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி, இரண்டரை வருடம் கழித்து அதையே மறுபடி கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னது எல்லா விவரத்திலும் தவறு, அதுவும் உறுதியோடு சொன்னார்கள். எண்பது வருடத்துக்கு என்ன எதிர்பார்ப்பது? ஆயாவைத் திருத்தாதீர்கள். தேதியை ஏட்டில் சரிபார்த்துத் தனியாக எழுதி வையுங்கள்.

அந்த ஏடு இருந்தால், என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலைக்கதவுக்கும் தேக்குத் தூணுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை உண்டு. பேரேட்டுக்கு இல்லை என்று கிலோக் கணக்கில் எடைக்குப் போடுகிறோம். கேமராவோடு வருகிறவர்களும் கதவைத்தான் எடுக்கிறார்கள், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி படத்தில் விழாமல் ஒதுங்கச் சொல்லி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க நான்கைந்து மணி நேரமாவது ஆகும். "போனாக, வந்தாக" என்று சொன்னதை அப்படியே எழுதுங்கள். பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) விவரம், பாகத் தகராறு வரும் பகுதியை வெட்டித் தனிக் கோப்பாக வையுங்கள், குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அப்படியே அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளை, சமையல்காரர் குடும்பத்தில் வயதானவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் போங்கள். கடுதாசி நின்ற மாதம் சம்பளம் வந்ததா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.