ஆடிக்கொண்டே பயிற்சி தந்தவர்

கேள்வி: கல்லூரி அணியில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரானால் சோபிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தில் டான் ஸ்டேலி இரண்டிலும் உச்சத்தைத் தொட்டது எப்படி? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: விடையின் பெரும்பகுதி அவர் ஆடிய இடத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. வட பிலடெல்பியாவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் பையன்களோடு ஆடி வளர்ந்த ஸ்டேலியின் உயரம் ஐந்தடி ஆறங்குலம்தான். வளையத்தின் அடியில் நின்று உயரத்தால் வெல்ல முடியாதவர், பந்தை முன்னே கொண்டுபோய், அதை யாருக்கு, எந்த நொடியில் தருவது என்று முடிவு செய்யும் ‘பாயின்ட் கார்டு’ ஆனார். பயிற்சியாளரின் திட்டத்தைக் களத்துக்குள் நிறைவேற்றும் பொறுப்பு அந்த இடத்தில் ஆடுபவருடையது. ஆகவே பத்துப் பேரின் நகர்வையும் ஒருசேரக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு மாணவப் பருவத்திலேயே படிந்துவிட்டது.

1988 முதல் 1992 வரை வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய அவர், அந்த அணியை மூன்று முறை தேசியப் போட்டியின் அரையிறுதி வரை கொண்டு சென்றார். 1991, 1992 இரண்டு ஆண்டுகளும் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனையாகத் தேர்வு பெற்றார். கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. 1991 இறுதியாட்டத்தில் அவர் 28 புள்ளிகள் எடுத்தும், கூடுதல் நேரத்தில் 70–67 என்ற கணக்கில் டென்னஸி வென்றது. தோற்ற அணியைச் சேர்ந்தவராக இருந்தும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே தரப்பட்டது என்பதிலிருந்து அன்றைய ஆட்டத்தை ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் 1996, 2000, 2004 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற அமெரிக்க அணிகளில் ஆடினார். ஏதென்ஸ் தொடக்க விழாவில் அந்நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே.

கேள்வி: ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் பயிற்சியாளராகவும் இருந்தாராமே, அது எப்படிச் சாத்தியம்? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டு பருவங்களும் ஒன்றோடொன்று மோதாததால் சாத்தியமாயிற்று. கல்லூரிப் போட்டிகள் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடும்; பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. கோடையில் நடக்கும். 2000-இல் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் அழைத்தபோது, பயிற்சியாளராகும் எண்ணமே இல்லாத ஸ்டேலி முதலில் தயங்கினார். ஒப்புக்கொண்ட பின்போ, 2006-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும் வரை கோடையில் ஆடுவதும் குளிர்காலத்தில் ஆட வைப்பதுமாக இரண்டு வேலைகளையும் பார்த்தார். சிட்னியிலும் ஏதென்ஸிலும் தங்கம் வென்றபோது அவர் டெம்பிள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். எட்டு ஆண்டுகளில் அந்த அணியை ஆறு முறை தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்றார்.

கேள்வி: தென் கரோலினா பல்கலைக்கழக அணிக்கு அவர் சென்றதுமே வெற்றி வந்துவிட்டதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை. இன்றைய புகழில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான். 2008-இல் அவர் பொறுப்பேற்ற முதல் பருவத்தில் அணி 10 ஆட்டங்களில் வென்று 18-இல் தோற்றது. நான்காவது பருவத்தில்தான் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. முதல் கோப்பை 2017-இல், அதாவது ஒன்பதாவது பருவத்தில் வந்தது. நிர்வாகம் பொறுமை காத்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தப் பொறுமை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பல்கலைக்கழகம் அமைந்துள்ள கொலம்பியா நகரின் அருகிலேயே வளர்ந்த பள்ளி ஆட்டக்காரர் ஏ’ஜா வில்சனை, நாடே போட்டி போட்டு அழைத்தபோதும் 2014-இல் தம் அணிக்குக் கொண்டுவந்தது பெரிய திருப்பம். சுமார் 18,000 பேர் அமரும் அரங்கு பெண்கள் ஆட்டத்துக்கு நிரம்பத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

இரண்டாவது கோப்பை 2022-இல் வந்தது. என்னைக் கேட்டால், அவருடைய திறமைக்குச் சரியான சான்று அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள். 2023-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் அரையிறுதி வரை வந்த அணி, அங்கே அயோவாவிடம் 77–73 என்று வீழ்ந்தது. முதல் ஐவராகக் களமிறங்கிய அத்தனை பேரும் அத்துடன் விடைபெற்றுவிட்டனர். புதிய ஐவரை வைத்து ஆடிய அடுத்த பருவத்தில் 38 ஆட்டங்களிலும் வென்று, இறுதியில் அதே அயோவாவை 87–75 என்று தோற்கடித்து மூன்றாவது கோப்பையைப் பெற்றார். நட்சத்திரங்கள் அமைந்ததால் வென்றார் என்று முன்பு சொன்னவர்களுக்கு அதன்பின் வாதம் இல்லாமல் போயிற்று.

கேள்வி: பெண் பயிற்சியாளர் ஆண்கள் அணியை நடத்தலாமா? (வாசகர், மதுரை)

பதில்: விதியில் தடை ஏதுமில்லை. 2021-இல் டோக்கியோவில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் தங்கம் வென்று தந்த ஸ்டேலியை, 2025-இல் ஆண்களுக்கான தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் நியூயார்க் நிக்ஸ் அணி தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு நேர்காணலுக்கு அழைத்தது. வேலை கிடைத்திருந்தால் ஏற்றிருப்பேன் என்று அவரே பின்னர் கூறினார். நிக்ஸ் தேர்ந்தெடுத்தது மைக் பிரவுனை.